தொட்டால் பின்னால் போகும் வரிசை

அந்த ஆஸ்பத்திரியில் ஒரு கண்ணின் விலை பதினோரு மாதம்.

காசாகக் கேட்டால் ஒன்றுமில்லை. தர்ம ஆஸ்பத்திரி. கண்ணில் புரை விழுந்தவர் ஜன்னலில் வந்து பெயரைப் பதிந்துவிட்டுப் போனால், முறை வரும்போது போன் வரும். வந்து படுத்தால் மறுநாள் வெளிச்சம். ஆனால் இலவசம் என்று பலகை தொங்குகிற எந்தக் கடையிலும் உள்ளே வேறொரு கல்லாப்பெட்டி இருக்கத்தான் செய்யும். இங்கே அது வரிசை. நாளுக்கு ஆறு பேர், வாரத்துக்கு ஐந்து நாள், காத்திருப்பவர்கள் ஆயிரத்து முந்நூற்று ஆறு பேர். பேரம் பேசிக் குறைக்க முடியாத விலை. முடியாததற்கு முதல் காரணம், பதிவு ஜன்னலில் இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்திருந்த அம்மாள். இரண்டாவது காரணம், அந்த அம்மாளின் மாப்பிள்ளை எழுதிக் கொடுத்த புரோகிராம்.

மாப்பிள்ளை, மூன்று பேர் வேலை பார்க்கிற ஒரு சின்ன சாப்ட்வேர் கம்பெனியின் முதலாளி. அந்த மூன்று பேரில் அவனும் ஒருவன். ஆறு வருஷத்துக்கு முன், கல்யாணமான புதிதில், மாமியாரிடம் நல்ல பெயர் வாங்கலாம் என்று பாதி விலைக்கு அந்தப் புரோகிராமை எழுதிக் கொடுத்தான். பாதி விலைக்குப் போகிற சரக்கை வியாபாரி வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்துத்தான் வாங்குவான். மாமியார் பிரித்துப் பார்க்கவில்லை. மாப்பிள்ளை கொடுத்ததை எந்த மாமியார் பிரித்துப் பார்ப்பார்?

அந்த ஆயிரத்து முந்நூற்று ஆறில் ஒருவர் மாமனார். பட்டன், நூல், ஜிப் மொத்த வியாபாரி. எதிராளி வாயைத் திறக்கும் முன்பே அவன் மனசில் இருக்கிற விலையைப் படித்துவிடுவார் என்று கடைவீதியில் பெயர். இப்போது விலைச்சீட்டையே படிக்க முடியவில்லை. இரண்டு கண்ணிலும் புரை. பதிந்து இரண்டு வருஷம் நாலு மாதம் ஆகிறது. அவருக்குப் பின்னால் பதிந்த பக்கத்துக் கடைக்காரர் ஆபரேஷன் முடித்து, கறுப்புக் கண்ணாடியையும் கழற்றி எறிந்துவிட்டார். மாமனாருக்கு மட்டும் போன் வரவில்லை. போன மாதம் ஒரு தையல் கம்பெனிக்குக் கறுப்புப் பட்டன் என்று சொல்லி நாற்பது டஜன் கருநீலத்தை அனுப்பிவைத்தார். மூட்டை அப்படியே திரும்பி வந்தது. மூட்டை போனால் போகிறது. படி இறங்கும்போது சுவரைத் தடவிக்கொண்டு இறங்க ஆரம்பித்திருந்தார். அதுதான் வீட்டில் எல்லோருக்கும் கவலையாக இருந்தது.

அப்பாவைக் கொஞ்சம் முன்னால் தள்ளிவிடக் கூடாதா என்று மகள் ஒருமுறை கேட்டாள். மாமியார் பாத்திரம் துடைப்பதை நிறுத்தவில்லை. "அங்க வரிசையில இருக்கிற ஆயிரத்து முந்நூறு பேருக்கும் வீட்டுல ஒரு பொண்ணு இருக்கும்மா" என்றார். பேச்சு அதோடு முடிந்தது. கணவரின் பதிவைக்கூட அவர் தன் கையால் போடவில்லை. பக்கத்து ஜன்னலில் போடச் சொல்லிவிட்டார். அந்த வரியை அவர் திறந்து பார்ப்பதுமில்லை. காசு கொடுத்து வெளியே செய்துகொள்ளலாமே என்று மாமனாரிடம் கேட்டவர்களுக்கு, பெண்டாட்டி வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியை விட்டுவிட்டு வேறு இடத்தில் போய்ப் படுத்தால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது என்று பதில் வந்தது. கேட்டவர்கள் எல்லோரும் அதைக் கௌரவம் என்றே எடுத்துக்கொண்டார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பெரிய டாக்டர் மாப்பிள்ளைக்குப் போன் செய்தார். புதுக் கட்டடம் தயாராகிவிட்டது. காத்திருக்கிற எல்லோர் பெயரிலும் 'கட்டடம்' என்ற இடத்தில் பழையது என்று இருப்பதைப் புதியது என்று மாற்ற வேண்டும். ஆளுக்கு ஒரே ஒரு கட்டம். பத்து நிமிஷ வேலை. மாப்பிள்ளை ஒரு கையில் டீயை வைத்துக்கொண்டு மறு கையால் செய்து முடித்தான்.

இந்த இடத்தில் அவன் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். புரோகிராம் எழுதுகிறவர்கள் இப்போதெல்லாம் டேட்டாபேஸோடு நேரில் பேசுவது குறைவு. நடுவில் ஒரு தரகர் உண்டு, ஓ.ஆர்.எம். என்று பெயர். அட்டவணையில் வரிவரியாகக் கிடப்பவர்களை அவர் ஒவ்வொரு ஆளாக எழுப்பி நம் முன்னால் நிறுத்துவார். அந்த ஆளிடம் ஏதாவது ஒன்றை மாற்றிவிட்டு 'சேவ்' என்று நாம் சொன்னால் போதும். எது மாறியிருக்கிறது என்று தரகரே பார்ப்பார். ஒன்றும் மாறவில்லை என்றால் எழுந்திருக்கவே மாட்டார். மாறியிருந்தால், ஆளின் மற்ற விவரங்கள் ஒழுங்காக இருக்கின்றனவா என்று ஒரு சோதனை போடுவார். போன் நம்பரில் ஒரு இலக்கம் குறைந்தால்கூட, எழுத மாட்டேன் என்று காதோடு காதாகச் சொல்லிவிட்டுச் சும்மா இருந்துவிடுவார். எல்லாம் சரியென்றால் மாறியதை எழுதி, போகிற போக்கில் 'கடைசியாக மாறியது' என்ற கட்டத்தில் அந்த நிமிஷத்துத் தேதியையும் குத்திவிட்டு வருவார். அந்தத் தேதியை யாரும் கேட்கவில்லை. கேட்காமல் செய்கிற உபகாரத்துக்கும் தரகர் எங்கேயாவது கமிஷன் எடுத்துவிடுவார் என்பது கடைவீதியில் பிறந்தவனுக்குத் தெரியும். மாப்பிள்ளை கடைவீதியில் பிறந்தவன் அல்ல, பெண் எடுத்தவன்.

தரகரை ஒதுக்கிவிட்டு, ஒரே ஒரு கட்டத்தில் மட்டும் நேராக எழுதுகிற வழியும் உண்டு. சோதனை ஓடாது, தேதியும் நகராது. அது அவனுக்குத் தெரியாததல்ல. டீ சூடாக இருந்தது; கை பழகிய வழியில் போனது. ஆயிரத்து முந்நூற்று ஆறு பேரையும் எழுப்பி, கட்டடத்தை மாற்றி, சேவ் என்று சொன்னான். எத்தனை பேர் விஷயத்தில் தரகர் மறுத்தார் என்று திரும்பிப் பார்க்கவில்லை.

புதன்கிழமை காலை எட்டரைக்கு மாமியார் வழக்கம்போல மறுநாளைக்கான ஆறு பேரைக் கூப்பிட உட்கார்ந்தார். முதல் நம்பர் இல்லவே இல்லை என்றது போன். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் ஒரு இலக்கம் குறைகிறது என்று அவருக்கே தெரிந்தது. பத்து பேர் வரை பார்த்தார். பத்தும் குருட்டு நம்பர்கள். ஏதோ கோளாறு என்று பட்டியலைக் கீழே உருட்டிக்கொண்டே போனார். நாற்பத்திரண்டாவது வரியில் கை நின்றது. அங்கே அவர் புருஷன் பெயர் இருந்தது.

மாப்பிள்ளை அப்போதுதான் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான். போனில் மாமியாரின் குரல் தணிந்து வந்தது. அவர் குரல் தணிந்தால் விஷயம் பெரிது.

"மாப்ள, உங்க மாமா எப்படி இவ்வளவு மேல வந்தாரு? யாராச்சும் பாத்தா நான்தான் ஏத்தி விட்டேன்னு நினைப்பாங்க. இருபத்திரெண்டு வருஷம் இந்த ஜன்னல்ல உக்காந்திருக்கேன்."

அவன் பத்து நிமிஷத்தில் ஆஸ்பத்திரியில் இருந்தான். திரையைப் பார்த்ததும் கதை முழுக்கப் புரிந்துவிட்டது. ஆறு வருஷத்துக்கு முன் வரிசையை எந்தத் தேதிப்படி அடுக்குவது என்று யோசித்தபோது, 'கடைசியாக மாறியது' என்ற கட்டம் தயாராக இருந்தது, அதையே வைத்துவிட்டான். அன்றைக்கு அது தவறாகத் தெரியவில்லை. பதிந்ததைத் திருத்துகிற வசதியே அப்போது கிடையாது. பதிந்த தேதியும் மாறிய தேதியும் ஒன்றுதான். மூன்று வருஷம் கழித்துத் திருத்தும் வசதியைச் சேர்த்தான். வரிசையை மறந்துவிட்டான். இப்போது அவன் ஒரு கட்டத்தை மாற்றப்போய், எல்லோர் தேதியும் செவ்வாய் சாயங்காலம் ஆகிவிட்டது. போன் நம்பர் கெட்டுக் கிடந்த நாற்பத்தொரு பேரைத் தரகர் சோதனையில் நிறுத்திவிட்டதால் அவர்கள் மட்டும் பழைய தேதியோடு தப்பித்து உச்சியில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். அவர்களுக்குக் கீழே மற்றவர்கள் எல்லோரும் அவன் எழுப்பிய வரிசையில், அதாவது பதிந்த வரிசையில் நின்றார்கள். அதில் மூத்தவர் மாமனார்.

முந்தின நாள் மத்தியானத்து பேக்கப் நகல் இருந்தது. அதிலிருந்து எல்லோருடைய பழைய தேதியையும் எடுத்து, இந்த முறை தரகரைக் கூப்பிடாமல், அந்த ஒரு கட்டத்தில் மட்டும் நேராக எழுதினான். பத்தரை மணிக்கு வரிசை செவ்வாய்க்கிழமை மத்தியானம் இருந்தபடி ஆகிவிட்டது. மாமனார் அடியில் எங்கேயோ போய்விட்டார். மாமியார் மூச்சு விட்டு, ஒரு டீ வரவழைத்துக் கொடுத்தார்.

அதோடு அவன் கிளம்பியிருக்கலாம். ஆனால் அந்த நாற்பத்தொரு பேரின் நம்பரைச் சரிசெய்துவிட்டுப் போகலாம் என்று நல்ல எண்ணத்தில் கேட்டான். சரியான நம்பர் எங்கேயாவது இருக்கிறதா?

மாமியார் பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தார். பக்கத்து ஜன்னலில் இருந்த பெண் தலையைக் குனிந்துகொண்டாள். ஆஸ்பத்திரியில் அவளுக்கு 'ரெண்டாம் ஜன்னல்' என்றே பெயர். மாமியாரை அண்ணி என்றும் மாமனாரை அண்ணன் என்றும் கூப்பிடுகிறவள். பிறகு மாமியார் மேஜைக்கு அடியிலிருந்து, ஊசி மருந்து வந்த பழைய அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்து வைத்தார். உள்ளே கையெழுத்துச் சீட்டுகள். புது நம்பர், மாறிய வீடு, தப்பாக விழுந்த பெயர், எல்லாம் ஆளுக்கு ஒரு சீட்டு, அகர வரிசையில், ரப்பர் வளையம் போட்டு.

"கம்ப்யூட்டர்ல ஏன் ஏத்தலை அத்தை?"

"தொட்டா பின்னாடி போயிடுறாங்களே மாப்ள."

மூன்று வருஷமாக அவர்களுக்குத் தெரியும். யாருடைய வரியையாவது திருத்தினால் அந்த ஆள் வரிசையின் கடைசிக்குப் போய்விடுவார். அது கம்ப்யூட்டரின் சுபாவம் என்று முதலில் நினைத்தார்கள். மாப்பிள்ளை போட்டதில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்று பிறகு புரிந்தது. அதைச் சொன்னால் அவன் மனசு கஷ்டப்படும் என்று ஒரு அட்டைப்பெட்டியை எடுத்து வைத்துவிட்டார்கள். மாப்பிள்ளை டீயை மேஜையில் வைத்தான். வாடிக்கையாளர் சண்டை போட்டிருந்தால் தாங்கியிருப்பான். இவ்வளவு மரியாதையை அவனால் தாங்க முடியவில்லை.

வேலை சுலபம் என்றான். பதிந்த தேதி என்று தனியாக ஒரு கட்டம் இருக்கிறது, அதை யாரும் தொடுவதில்லை, வரிசையை அதன்படி அடுக்கிவிட்டால் ஐந்து நிமிஷத்தில் எல்லாம் நேராகிவிடும். மாமியார் தலையாட்டவில்லை. இழுப்பறையைத் திறந்து பச்சை அட்டை போட்ட ஒரு நோட்டை எடுத்தார்.

அதில் எண்பத்தேழு பேர் இருந்தார்கள். மகள் பிரசவம் முடியட்டும் என்றவர், சர்க்கரை இறங்கட்டும் என்று டாக்டர் திருப்பி அனுப்பியவர், அறுவடைக்கு அப்புறம் வருகிறேன் என்றவர். அவர்களை வேண்டுமென்றே பின்னால் அனுப்ப வேண்டியிருந்தது. அதற்கும் இந்தக் குறையையே ஒரு கருவியாக வைத்துக்கொண்டார்கள். பதிந்த தேதிப்படி அடுக்கினால் இந்த எண்பத்தேழு பேரும் நாளைக் காலையே முன்னால் வந்து நிற்பார்கள், வர முடியாது என்று சொல்வதற்காக.

"சும்மா தொறந்து சேவ் பண்ணா ஒத்துக்காது மாப்ள. எங்கயாச்சும் ஒண்ணு மாறணும். அதனால குறிப்புல ஒரு புள்ளி வெச்சுடுவேன். புள்ளி வெச்சா நோட்டுல எழுதிடணும், அது எங்க கட்டுப்பாடு."

ஒன்றும் மாறாவிட்டால் தரகர் எழுந்திருக்க மாட்டார் என்பதை அவன் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டவன். மாமியார் ஒரு புள்ளியை வைத்துக் கண்டுபிடித்திருந்தார்.

மத்தியானம் மூவரும் உட்கார்ந்தார்கள். பதிந்த தேதியும் மாறிய தேதியும் வேறு வேறாக இருப்பவர்கள் மட்டும் யார் யார் என்று மாப்பிள்ளை எடுத்துக் கொடுத்தான். நூற்று எழுபத்து மூன்று பேர். அதில் எண்பத்தேழு பேர் பச்சை நோட்டில் இருந்தார்கள்; கழித்தாயிற்று. மீதி எண்பத்தாறு. மாமியார் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு அதன் கதையையும் சொன்னார். ஒன்பது மாதத்துக்கு முன், மாப்பிள்ளைக்குக் குழந்தை பிறந்தபோது, அவர் இரண்டு வாரம் லீவில் மகளோடு இருந்தார். ஜன்னலுக்குத் தற்காலிகமாக வந்தவர் ரொம்பப் பொறுப்பான மனிதர். பெட்டியைப் பார்த்தார், இத்தனை சீட்டு ஏற்றாமல் கிடக்கிறதே என்று ஒரே நாளில் அத்தனையையும் ஏற்றிவிட்டார். எண்பத்தஞ்சு பேர் ஒரே நாளில் கடைசிக்குப் போனார்கள்.

"அன்னையிலிருந்து அவங்க போன் பண்ணா, இன்னும் கொஞ்ச நாள், இன்னும் கொஞ்ச நாள்னு சொல்லிட்டிருக்கேன். பேரனைத் தூக்கும்போதெல்லாம் அந்த எண்பத்தஞ்சு பேரும் ஞாபகம் வருவாங்க."

மாப்பிள்ளை எண்பத்தைந்தையும் எண்ணி முடித்தான். எல்லாம் அதே தேதி, தற்காலிக ஆளின் கணக்கிலிருந்து. எண்பத்தாறாவது வரியில் மாமனார். அவரையும் அந்த மனிதர்தான் பின்னால் தள்ளியிருப்பார் என்று மாமியார் இத்தனை நாள் நம்பிக்கொண்டிருந்தார். ஆனால் அந்த வரியின் தேதி ஒன்பது மாதப் பழையது இல்லை. ஐந்து வாரத்துக்கு முந்தையது. மாற்றிய ஜன்னல்: இரண்டு.

மாமியார் நாற்காலியைத் திருப்பினார். ரெண்டாம் ஜன்னல் முதலில் தண்ணீர் குடித்தாள். அப்புறம் வாயைத் திறந்தாள்.

முதல் தடவை அண்ணன் நிஜமாகவே கதவு எண்ணைத் திருத்த வந்தாராம். பெட்டிப் பழக்கத்தை அன்றைக்கு அவள் மறந்து கம்ப்யூட்டரிலேயே திருத்திவிட்டாள். பிறகு பதறிப்போய், மன்னிக்கணும் அண்ணே, தொட்டா பின்னாடி போயிடும் என்று சொன்னாள். அண்ணன் கோபப்படுவார் என்று பார்த்தால், அப்படியா, அப்படியா என்று இரண்டு தரம் கேட்டுவிட்டுச் சிரித்தபடி போனார். ஏழு மாதம் கழித்து, முறை கூப்பிடு தூரத்துக்கு வரும் முன்பே திரும்ப வந்தார். வயது அறுபத்தெட்டு என்று இருக்கிறது, அறுபத்தேழு என்று திருத்தம்மா. அடுத்த முறை போன் நம்பர். ஐந்து வாரத்துக்கு முன் கையில் ஒன்றும் இல்லாமல் வந்து, சும்மா திறந்து சேவ் பண்ணிவிடேன் என்றார். செய்தாள், நகரவில்லை. புள்ளி வைத்தால் நோட்டில் எழுத வேண்டும், எழுதினால் அண்ணி பார்த்துவிடுவார்கள். ஆகவே அண்ணன் நின்ற இடத்திலேயே இன்னும் ஒரு வயது குறைந்து அறுபத்தாறு ஆனார். இதே வேகத்தில் போனால் அடுத்த வருஷம் பெண்டாட்டிக்குத் தம்பியாகியிருப்பார்.

"அவரு கேட்டா எனக்கு முடியாதுன்னு சொல்ல வரலை அண்ணி" என்றாள். "பேசிப் பேசியே கேட்டதை வாங்கிடுறாரு."

மாமியாருக்கு அது புதிய தகவல் அல்ல. மாமனார் அவரையும் அப்படித்தான் வாங்கியிருந்தார்.

தினமும் ஐந்து மணிக்கு மாமனார் மனைவியை அழைத்துப்போக வருவார். அன்றைக்கும் சுவரோரமாகத் தடவித் தடவி வந்து, உருவம் தெரிகிற தூரத்தில் நின்று ஜன்னலைப் பார்த்துச் சிரித்தார். மாமியார் எழுந்திருக்கவில்லை.

"பேரு சொல்லுங்க."

"என்னம்மா, நாப்பத்தி ரெண்டு வருஷம் கழிச்சுக் கேக்குறே?"

"இது ஜன்னல், வீடு இல்ல. உங்க வரி நாலு தடவை மாறியிருக்கு. அது திருத்தமா, நீங்களா தள்ளிப்போட்டதா? திருத்தம்னா உங்க இடம் உங்களுக்கு. நாளை மறுநாள் முதல் ஆள் நீங்க. தள்ளிப்போட்டதுன்னா அது உங்க விருப்பம், கடைசியில இருங்க. ஏதாவது ஒண்ணு சொல்லுங்க, எழுதணும்."

மாமனார் மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். அவன் கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தான். ரெண்டாம் ஜன்னல் சாத்தியிருந்தது. நாற்பது வருஷ வியாபாரம் அவருக்குக் கைகொடுக்கப் பார்த்தது. கடையில் சீசன் என்றார். இடது கண்ணில் இன்னும் கொஞ்சம் தெரிகிறது என்றார். பட்டன் கடைக்காரர் பெண்டாட்டியின் செல்வாக்கில் முந்திவிட்டார் என்று கடைவீதி பேசும், உன் பெயருக்காகத்தான் யோசிக்கிறேன் என்று ஒரு பெரிய சரக்கையும் இறக்கிப் பார்த்தார். மாமியார் பேனாவைத் திறந்து வைத்தபடியே இருந்தார். எதிராளி விலை சொல்லாமல் உட்கார்ந்திருந்தால் எப்பேர்ப்பட்ட வியாபாரிக்கும் கை தளர்ந்துவிடும்.

அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

"கத்தி கண்ணுகிட்ட வரும்னு நினைச்சாலே கால் நிக்க மாட்டேங்குது."

"இதை வீட்டுல சொல்லியிருக்கலாமே."

"வீட்டுல நீ இருந்தியே."

மாமியார் சிரிப்பை உதட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டார். கத்தி வருவது தெரியாது, சொட்டு மருந்து விட்டுவிடுவார்கள், இருபது நிமிஷம் என்று மெதுவாகச் சொன்னார். தினம் ஆறு பேரிடம் சொல்வதுதான். புருஷனிடம் சொல்ல இரண்டு வருஷம் நாலு மாதம் ஆகிவிட்டது. தற்காலிக ஆளால் பின்னால் போன எண்பத்தைந்து பேரைப் பற்றியும் அப்போதே சொன்னார். மாமனார் கேட்டுக்கொண்டார். பிறகு, எண்பத்தஞ்சு பேர் என்றாயே, அவர்கள் கணக்கு என்ன என்று கேட்டார். பேரத்தில் எதிராளியின் கையிருப்பைத் தெரிந்துகொள்வது பழக்கம். அந்த எண்பத்தைந்தில் முறை கடந்துபோனவர்கள் அறுபத்தொரு பேர், மீதி இருபத்துநாலு பேருக்கு இனிமேல்தான் முறை என்று மாப்பிள்ளை சொன்னான்.

மாமனார் கொஞ்ச நேரம் விரல்களை மடக்கிக்கொண்டிருந்தார்.

"அந்த அறுபத்தொரு பேரும் தெரியாம பின்னாடி போனவங்க. நான் தெரிஞ்சே போனவன். அவங்க எல்லாரும் முதல்ல போகட்டும். அடுத்த ஆள் நான். இதுக்கு மேல ஒரு நாள்கூடக் கேக்க மாட்டேன்."

மாமியார் பதிலுக்கு விலை சொல்லவில்லை. பச்சை நோட்டில் எழுதினார். காரணம் என்ற இடத்தில் பேனா நின்றபோது மாமனார் கம்பிக்கு அந்தப் பக்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டார். மாமியார் 'விருப்பம்' என்று ஒரே சொல் எழுதி மூடினார்.

மறுநாள் பெரிய டாக்டரிடம் போய், அறுபத்திரண்டு பேர் முன்னால் வருவதால் மற்றவர்களுக்குப் பத்து நாள் தள்ளிப்போகும் என்று மாமியாரே சொன்னார். தவறு யாருடையது என்று டாக்டர் கேட்டார். என்னுடையது என்று மாமியாரும் மாப்பிள்ளையும் ஒரே சமயத்தில் சொன்னார்கள். டாக்டர் இருவரையும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

மாப்பிள்ளை அட்டவணையில் 'வரிசைத் தேதி' என்று புதுக் கட்டம் ஒன்றைச் சேர்த்தான். வரிசை இனி அதை மட்டும் பார்க்கும். தரகர் 'கடைசியாக மாறியது' கட்டத்தில் எத்தனை முறை வேண்டுமானாலும் முத்திரை குத்திக்கொள்ளலாம். ஒரு ஆள் எப்போது மாறினார் என்று அவருக்குத் தெரியும், ஏன் என்று தெரியாது. ஏன் என்று எழுதுவதற்குத் தள்ளிப்போடுகிறவர்களுக்கென்று தனி பொத்தான் வைத்தான். காரணம் எழுதாமல் அது அழுந்தாது. பழைய தேதிகளை ஏற்றும்போது ஆளுக்கு ஒரே கட்டமாக நேராக எழுதினான். கட்டட விஷயத்தையும் அப்படியே முடித்தான். பிறகு மாமியாரும் ரெண்டாம் ஜன்னலும் பெட்டியைப் பிரித்து ஒவ்வொரு சீட்டாகக் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். முதல் சீட்டை ஏற்றியதும் இருவரும் வரிசையை எட்டிப் பார்த்தார்கள். ஆள் நின்ற இடத்திலேயே நின்றார். பத்து சீட்டு வரை அப்படி ஒவ்வொரு முறையும் எட்டிப் பார்த்தார்கள். அதற்கப்புறம்தான் பேசிக்கொண்டே ஏற்ற ஆரம்பித்தார்கள்.

இனிமேல் வயதை எவ்வளவு குறைத்தாலும் இடம் நகராது என்று மாப்பிள்ளை வீட்டில் மாமனாரிடம் சொன்னான்.

"நல்லா ஓடிட்டிருந்த சரக்கைக் கெடுத்துட்டீங்க மாப்ள" என்றார் அவர்.

பதினோராவது வேலை நாளில் அவர் இரண்டாவது ஆள். முந்தின இரவு நன்றாகத் தூங்கினதாக எல்லோரிடமும் சொன்னார், யாரும் கேட்கவில்லை. ஆபரேஷன் அறை வாசல் வரை மாப்பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வந்தார். அந்தப் பிடியின் தடம் சாயங்காலம் வரை இருந்தது. உள்ளே போகும் முன் நர்ஸிடம், இருபது நிமிஷம் என்றார்களே, பதினைந்தாகக் குறையாதா என்று கேட்டார். பதினெட்டில் முடிந்தது. இரண்டு நிமிஷம் லாபம் என்று வெளியே வந்து அவரே சொன்னார்.

மறுநாள் காலை கட்டைப் பிரித்தபோது எதிரே மாமியார் நின்றிருந்தார். மாமனார் ஒரு கண்ணால் அவரை ரொம்ப நேரம் பார்த்தார், புது ரகச் சரக்கைப் பார்க்கிற மாதிரி.

"நீ எப்போ இவ்வளவு நரைச்சே?"

"நீங்க வயசைக் குறைச்சுக்கிட்டிருந்தப்ப."

நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மாமனார் சுவரைத் தொடாமல் படி இறங்கினார். கீழே வந்ததும் வீட்டுக்குப் போகிற வழியை விட்டுவிட்டு நேராக ஜன்னல் பக்கம் திரும்பினார். அங்கே நாலு பேர் நின்றிருந்தார்கள். ஐந்தாவதாகப் போய் நின்றுகொண்டார். முறை வந்ததும், யாரும் சொல்லாமலே, இடது கண்ணுக்கு ஒரு பதிவு போடச் சொன்னார். இப்போது பதிந்தால் எத்தனை மாதம் என்று கேட்டார். பதினொன்று. பத்துக்குக் கிடைக்காதா என்றார். கிடைக்காது என்றாள் ரெண்டாம் ஜன்னல், இந்த முறை தயங்காமல்.

சாயங்காலம் மாமியார் பச்சை நோட்டின் கடைசிப் பக்கத்தில் கணக்கை எழுதி மாப்பிள்ளையிடம் காட்டினார். கேட்காமல் பின்னால் போனவர்கள் எண்பத்தைந்து பேர்; கண் தெளிந்தவர்கள் அறுபத்தொன்று, தங்கள் இடத்தில் நிற்பவர்கள் இருபத்துநாலு; சரி. கேட்டுப் பின்னால் போனவர் ஒருவர். கண் இரண்டு, முடிந்தது ஒன்று, பாக்கி ஒன்று.